மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஜூன் 3, திங்கள்

விசா வந்துவிட்டது. கூரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகும் வாசலிலேயே நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் திருச்சிக்குமாக முப்பத்து நான்கு வருடம் ரயிலில் அடுத்தவர் டிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கண். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பார்க்கும், பிறகு பெயர், பிறகு முத்திரை. தேதி சரி. பெயர் சரி, பங்கயச்செல்வி. போட்டோவில் இருப்பவள் மட்டும் யாரையோ அபராதம் கட்டச் சொல்வதுபோல் முறைக்கிறாள்.

மாப்பிள்ளை துவாரகனுக்குச் செய்தி அனுப்பினேன். அழைப்புக் கடிதம் எழுதியது அவர்தான். "பூங்கோதையிட்ட இன்னும் சொல்லேல்ல மாமி. நீங்கள் வந்து இறங்கின பிறகு சொல்லுவம்" என்று பதில் வந்தது.

டொரன்டோவில் இருக்கும் என் மகள் பூங்கோதை என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. அவள் மாமனாரிடம் நான் மன்னிப்புக் கேட்டால்தான் பேசுவாளாம். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? நான் டொரன்டோவைப் பார்க்கத்தான் போகிறேன். பக்கத்தில் பெரிய அருவி இருக்கிறதாம்.

ஜூன் 6, வியாழன்

என் அண்ணன் தட்சிணாமூர்த்தி கையில் பஞ்சாங்கத்தோடு வந்தார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பத்து அம்பதுக்கு ஃப்ளைட்டா? வெள்ளிக்கெழம பத்தரை பன்னெண்டு ராகு காலம். மேற்கே சூலம் வேற. ஆறு வருசம் கழிச்சுப் பொண்ணப் பாக்கப் போறவ இப்படியா கெளம்புவா?"

"உலகம் உருண்டைண்ணா. கிழக்க போனாலும் டொரன்டோ வந்துடும்."

"நக்கல் பண்ணாத. சூலத்துக்கு வெல்லத்தைக் கிள்ளி வாயில போட்டுக்கலாம். ராகுவுக்கு எதப் போட்டுப்ப?"

வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தானே கணக்கு என்று கேட்டேன். விமானம் தரையை விட்டுக் கிளம்புவதுதான் கணக்கு என்றார். எந்த ரிஷி எழுதி வைத்தாரோ தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் பாண்டிச்சேரியில் அவருக்குத் தெரிந்த ஏஜென்டிடம் போய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். இப்போது சென்னையிலிருந்து காலை ஆறு இருபதுக்கே வேறு ஒரு கம்பெனியின் விமானம். அது நடுவிலிருக்கும் ஊரில் இறக்கிவிடும். அங்கிருந்து மதியம் இன்னொரு விமானம் டொரன்டோவுக்கு. "தனித்தனியா ரெண்டு டிக்கெட்டா வரும் மேடம், பரவாயில்லையா?" என்று ஏஜென்ட் கேட்டான்.

இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு பயணம். முதல் வண்டியில் நடப்பதற்கு இரண்டாவது வண்டி பொறுப்பில்லை. இதை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். அண்ணன் மனசு நோகக்கூடாது, அதனால்தான்.

ஜூன் 11, செவ்வாய்

பெட்டி கட்டியாயிற்று. முறுக்கு, அதிரசம், கறிவேப்பிலைப் பொடி. அலமாரியில் ஒரு பட்டுப்புடவை ஆறு வருடமாக மடிப்புக் கலையாமல் கிடந்தது, பெட்டியில் இடம் இருந்ததால் அதையும் வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி, சென்னை விமான நிலையம்

வாயில் வெல்லம். கவுன்டரில் இருந்த பெண் "பெட்டி டொரன்டோ வரைக்கும் போகாதும்மா. நடுவுல எடுத்துத் திரும்பப் போடணும். விசா இருக்கா?" என்றாள். கனடா விசாவைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் பெட்டியில் சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டாள்.

அதே நாள், அந்த ஊரில் பகல் பன்னிரண்டு

இந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். இவர்கள் என்னை உள்ளே விடவில்லை. நானும் இவர்களை என் டைரிக்குள் விடுவதாக இல்லை.

விமானத்திலிருந்து இறங்கிக் கூட்டத்தின் பின்னால் போனேன். கூட்டம் எங்கே போனதோ அங்கே பாஸ்போர்ட் வரிசை இருந்தது. வேடிக்கையான வரிசை. நின்றபடியே கவனித்தேன். சில பாஸ்போர்ட்டுகளைத் திறந்ததும் முத்திரை விழுகிறது. சிலதுக்கு ஒரு கேள்வி. நம் நிறத்துப் பாஸ்போர்ட்டுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டல். முதல் வகுப்பு, ஸ்லீப்பர், அன்ரிசர்வ்டு. உலகம் முழுக்க இதே மூன்று பெட்டிதான் போலிருக்கிறது.

தரையில் மஞ்சள் கோடு. அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிட்டார்கள்.

ரயிலில் நாங்கள் டிக்கெட்டைப் பார்க்கும் முன்னால் முகத்தைப் பார்ப்போம். டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் பக்கம் திரும்புவான், இல்லாவிட்டால் நம்மைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரிப்பான். நான் அந்த அதிகாரியைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்தேன்.

என் ரயில்வே இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் முட்டி மோதி ஒரு வழியாக விஷயம் புரிந்தது. பெட்டி உள்ளே இருக்கிறது. பெட்டியை எடுக்க நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைய இந்த நாட்டு விசா வேண்டும். கனடா விசா கனடாவுக்குத்தான். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போயிருக்கும், நான் இந்தப் பக்கமே வந்திருக்க வேண்டாம். ஏன் இரண்டு டிக்கெட் என்று கேட்டார். ராகு காலத்தை அவருக்கு எப்படி விளக்குவது? "குடும்பக் காரணம்" என்றேன்.

"மூன்று நிமிடம் போதும். எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்."

"மூன்று நிமிடமும் நாட்டுக்குள்தான், மேடம்."

பிளாட்பாரம் டிக்கெட் மாதிரி ஒன்று கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அது என்ன என்று ஆர்வமாகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட பிறகு இல்லை என்றார். தப்பு சொல்ல முடியாது. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி. அதற்கு அப்பால் என் பெட்டி சுற்றி வந்துகொண்டிருந்தது. அடையாளத்துக்கு நான் கட்டிவிட்ட மஞ்சள் துணி நன்றாகத் தெரிந்தது. பெட்டிக்கு யாரும் விசா கேட்கவில்லை.

அதே நாள், பிற்பகல் மூன்றரை

ஒரு அறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் காகிதங்களை எங்கேயோ எடுத்துப் போனார்கள். பக்கத்தில் தலையில் பெரிய துணி சுற்றிய ஆப்பிரிக்கப் பெண்மணி. அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. போனில் தன் மகளின் படத்தைக் காட்டினாள். நானும் பூங்கோதையின் படத்தைக் காட்டினேன். கல்லூரியில் எடுத்தது. இப்போது எப்படி இருப்பாள் என்று கையை உயர்த்தியும் அகட்டியும் ஜாடையில் கேட்டாள். புரியாததுபோல் இருந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்துக் காகிதங்கள் வந்தன. எல்லாம் சரியாக இருக்கிறதாம். அதற்குள் டொரன்டோ விமானம் போய்விட்டது.

இப்போது மாற்று விமானத்துக்கான மேஜையில் ஒரு அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். எனக்கு முன் இரண்டு வழி. ஒன்று, வந்த விமானத்திலேயே இன்று மாலை சென்னைக்குத் திரும்பலாம், பெட்டியும் கூட வரும். இல்லாவிட்டால் நாளைய விமானத்தில் டொரன்டோவுக்குப் போகலாம், பெட்டி வராது, அது தனியாகச் சென்னைக்குத் திரும்பும். ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

அதே நாள், நாலே கால்

துவாரகனோடு பேசினேன். நாளைய விமானத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

"இனி மறைக்கேலாது மாமி. பூங்கோதையிட்டச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னா?"

"கேட்டுட்டு மாடிக்குப் போயிட்டா."

"கோவமா?"

"கோவம் எண்டா எனக்குத் தெரியும். இது என்னண்டு தெரியேல்ல. நீங்கள் வாறதெண்டா வாங்கோ. கட்டாயம் இல்லை."

கட்டாயம் இல்லை என்று நல்ல பிள்ளையாகச் சொல்கிறார். திரும்பிவிட்டால் என்ன? பெட்டி இருக்கும். புடவை இருக்கும். அண்ணன் சூலத்தைக் குற்றம் சொல்வார், எனக்கும் சௌகரியமாக இருக்கும். வெறுங்கையோடு அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

அதே நாள், நாலு ஐம்பது

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன்.

"தங்கச்சி, நான் சிவபாதம். துவாரகன்ர அப்பா. என்ன மாதிரி இருக்கிறியள்?"

சம்பந்தியின் குரலை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

"எங்க இருத்தி வைச்சிருக்கிறாங்கள்? வாங்கிலயோ?"

வாங்கு என்றால் பெஞ்சாம். ஆமாம் என்றேன்.

"யோசிக்காதேங்கோ. உங்களிட்டச் சரியான கடதாசி இருக்கு, ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. நான் தொண்ணூறாம் ஆண்டு இப்பிடி ஒரு இடத்தில பதினொரு நாள் வாங்கில இருந்தனான். தரை கூட்டிற மனிசி ஒராள் ஒவ்வொரு நாளும் பாண் துண்டு கொண்டந்து தருவா. பேர் கேட்டு வைக்கேல்ல எண்டு இப்பவும் கவலை."

பாண் என்றால் ரொட்டி என்று ஊகித்துக்கொண்டேன். எனக்குள் இருக்கும் டிக்கெட் பரிசோதகி சும்மா இருப்பாளா? "உங்ககிட்ட பாஸ்போர்ட் இல்லையா?" என்றேன்.

"வேற ஆள்ர பேரில ஒண்டு இருந்தது. பிளேனுக்குள்ளயே கிழிச்சுக் கழிப்பறையில போட்டுட்டன்." சிரித்தார். "நீங்கள் அண்டைக்குச் சொன்னதில பிழை இல்லைத் தங்கச்சி. நான் டிக்கெட் இல்லாம ஏறின ஆள்தான்."

ஆறு வருடத்துக்கு முன் பூங்கோதை போனில் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசியபோது நான் சொன்னது இதுதான். "டிக்கெட் இல்லாம ஏறுன குடும்பத்துல நான் சம்பந்தம் பண்ண மாட்டேன்." ஸ்பீக்கர் போட்டிருந்தாள். அந்த அறையில் அவரும் இருந்தார். இது எனக்கு அப்போதே தெரியும். இத்தனை பக்கம் எழுதியும் இதை எழுதாமல் ஒளித்தேன்.

"ஏன் அப்படி வந்தீங்க?" என்று கேட்டேன். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஆயிரம் பேரை ஆயிரம் கேள்வி கேட்டவள் நான். இவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமலே அபராதம் போட்டுவிட்டேன்.

"என்ர தம்பியை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். அடுத்தது நான் எண்டு ஊருக்கே தெரியும். என்ர பேரில பாஸ்போட் எடுக்கப் போனா அங்க வைச்சே பிடிப்பாங்கள். துவாரகன் அப்ப மனிசியின்ர வயித்தில. அவன்ர முகத்தைப் பாக்கோணும் எண்டு ஆசை, வேற ஒண்டும் இல்லை."

"தம்பி வந்தாரா?"

"இல்லைத் தங்கச்சி."

மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "போன்ல சார்ஜ் தீருது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அறுபத்தொரு சதவீதம் இருந்தது.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மேஜைக்குப் போய் டொரன்டோ என்று சொன்னேன்.

ஜூன் 15, சனி, அந்த ஊர்

பெட்டி இல்லாமல் இருப்பது வினோதமாக இருக்கிறது. கை சும்மா சும்மா கைப்பிடியைத் தேடுகிறது. காலையில் முகம் கழுவி, ஒரே புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கடைகளை எல்லாம் சுற்றிப் பார்த்தேன். பூங்கோதைக்கு ஏதாவது வாங்கலாம் என்று ஒரு சாக்லேட் டப்பாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். இப்போது அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

வாசல் திறக்கிறார்கள். ஏறப் போகிறேன்.

ஜூன் 15, சனி, டொரன்டோ

இங்கும் சனிக்கிழமைதான். சூரியனைத் துரத்திக்கொண்டே வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மறுபடியும் வரிசை, மறுபடியும் கோடு. இந்த முறை சுருட்டை முடி வைத்த ஒரு பெண் அதிகாரி. இவள் காகிதத்துக்கு முன் முகத்தைப் பார்த்தாள். நம் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். நான் சிரிக்கவில்லை.

பெட்டி எங்கே என்றாள். சொன்னேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்றாள். இரண்டு மாதம். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பை மட்டுமா என்று புருவத்தைத் தூக்கினாள். நானாக இருந்தாலும் தூக்கியிருப்பேன்.

"உங்கள் மகளுக்கு நீங்கள் வருவது தெரியுமா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பரிசோதகரிடம் பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த இடத்தில் மட்டும் பொய்யே வராமல் போய்விட்டது. "நேற்றிலிருந்து தெரியும். அவளுக்கு விருப்பமா என்று தெரியாது" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அழைப்புக் கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தாள். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். துவாரகன்தான் எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்தது பூங்கோதை. "ஹலோ" என்ற அந்த ஒற்றைச் சொல்லில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதிகாரி தன்னை யாரென்று சொல்லி, இப்படி ஒரு பெண்மணி வந்திருக்கிறார், இவர் உங்களுக்கு யார் என்று கேட்டாள்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் நான் அந்த நேரத்தில்தான் சம்பளம் வாங்கினேன். கை தன்னால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"என் அம்மா" என்றாள் பூங்கோதை. பிறகு, "அவரிடம் ஒன்று கேட்க முடியுமா? அவர் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்?"

அதிகாரி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். நான் டொரன்டோவைப் பார்க்க வரவில்லை. அருவியைப் பார்க்க வரவில்லை. முதலில் மகளைப் பார்க்கக்கூட வரவில்லை.

எனக்கு வந்த இங்கிலீஷில், சத்தமாகவே சொன்னேன். "என் மகளின் மாமனாரைப் பார்க்க. அவரைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்."

அதிகாரி போன் பக்கம் குனிந்து, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று பதில் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் வந்தது. முத்திரை விழுந்தது.

வெளிக்கதவு தானாகத் திறந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பூங்கோதை கண்ணாடி போட்டிருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள். அவள் பக்கத்தில் துவாரகன். முன்னால், சாமான் வைக்கும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஒல்லியான மனிதர் ஒருவர். என் பெட்டி வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தும் வண்டி எடுத்து வந்திருக்கிறார்.

நேராக அவரிடம் போனேன். மகளைத் திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் சொல்ல வந்தது போய்விடும்.

"அண்ணா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. காரணத்தைக் கேக்காமயே பேசிட்டேன். ரொம்பப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

கையைக் குவித்தபடி கதவுக்கு நேராக நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெட்டிகள் எல்லாம் நின்றன. யாரோ முணுமுணுத்தார்கள்.

சிவபாதம் அண்ணன் வண்டியை ஓரமாகத் திருப்பினார். "முதல்ல வழியை விடுவம் தங்கச்சி" என்றார். "பின்னால சனம் வருது."

பூங்கோதை கிட்டே வந்து, என் தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றினாள். அந்தப் பெரிய வண்டியின் நடுவில் அதை வைத்து, விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து வண்டியின் கைப்பிடியில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு தள்ளினாள்.